ஆண்டறிக்கையும் அதை எழுதுவோரும்

ஒரு கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கு எவ்வாறு அமைய வேண்டுமென்பதற்குச் சட்டம் உண்டு. ஆற்றில் விட்ட கழிவுநீரைப் பற்றி ஆண்டறிக்கையில் எழுதுவதற்கோ நெடுங்காலம் அத்தகைய கட்டாயம் இருந்ததில்லை. எழுதுவதும் விடுவதும் தலைமை நிர்வாகியின் மனப்போக்கைப் பொறுத்தவையாயிருந்தன. அம்மனப்போக்கு எங்கிருந்து வருகிறது என்பதே இம்மாதப் பாடம்.

1984-இல் ஹாம்பிரிக், மேசன் என்னும் ஆய்வாளர் இருவர், ஒரு ஸ்தாபனத்தின் தீர்மானங்களில் அதன் தலைவர்களுடைய கல்வியும் அனுபவமும் பிரதிபலிக்கும் என்று எழுதினர். 2014-இல் லூயிஸ், வால்ஸ், டொவெல் ஆகிய மூவர் இதை அமெரிக்கக் கம்பெனிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். கரியமில வாயு பற்றி முதலீட்டாளர் சார்பில் ஒரு வினாத்தாள் அனுப்பப்பட்டு வந்தது. விடை தருவது கம்பெனியின் விருப்பம். நிர்வாகவியல் பட்டம் பெற்றவரோ, புதிதாகப் பதவியேற்றவரோ தலைமை வகித்த கம்பெனிகள் விடை தரும் வாய்ப்பு அதிகமாயிருந்தது. வழக்கறிஞர் தலைமை வகித்தவற்றில் குறைவாயிருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வழக்கறிஞர் கண்ணுக்கு, எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியும் நாளை எதிர்க்கட்சிக்காரர் நீதிமன்றத்தில் காட்டக்கூடிய சாட்சியம். எனினும் விடை தந்தோர் யாவரும் புகையைக் குறைத்தவர் என்று எண்ணிவிடலாகாது.

நம் நாட்டில், செபி 2021 மே மாதம் பிறப்பித்த உத்தரவின்படி, சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகள் 2022-23 நிதியாண்டு முதல் நீர், கழிவு, வாயு ஆகியவை பற்றி அறிவிக்க வேண்டும். அவ்வினாக்களுள் சில கட்டாயம், சில விருப்பம். தலைவரின் சுபாவத்தை அறிய விரும்புவோர் விருப்பப் பகுதியை முதலில் புரட்டுவது நலம்.

நம் கூட்டுறவுச் சங்கங்கள் இவ்வுத்தரவுக்கு உட்பட்டவை அல்ல. ஆயினும் வேகவதிக் கரையில் வாழும் நமக்கு இது தூரத்து விஷயமன்று. கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 25 சதவீதம் பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அதை நீக்கிய பிறகே சாயம் ஏற்றுகிறோம். அந்நீர் எங்கே செல்கிறது? நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நெசவாளரும் விவசாயியும் சேர்ந்து படிக்கும் இவ்விதழில் இதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

கணக்கு வேலையிலேயே பழகியவர் எழுதும் சங்க அறிக்கையில் நூல் இருப்பும் கடன் பாக்கியும் பிழையின்றி இருக்கும், தண்ணீர் இராது. சாயத்தொட்டியருகே நின்றவர் ஒருவரேனும் நிர்வாகக் குழுவில் இருந்தால் அக்கேள்வி தானே எழும். அடுத்த பேரவைக் கூட்டத்தில், ஆண்டில் காய்ச்சிய பட்டின் எடை, செலவான நீர், அது சென்று சேர்ந்த இடம் ஆகிய மூன்றையும் அங்கத்தினர்கள் கேட்கலாம். சாயமேற்றுபவர் வெளியாராயின், அவரிடமிருந்து விவரம் பெற்றுத் தரும்படி கேட்கலாம்.