மலை வீதிக்கு ஏற்ற பல்: பழைய பிக்கப்பின் டிபரன்சலைத் தெரிவு செய்தல்

இடம்பெயர்ந்து வரும் குடும்பம் சட்டி பானையோடு சில வேளை வண்டியையும் கொண்டுவருகிறது. அந்த வண்டி பழைய ஊரின் வீதிக்கு ஏற்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வன்னியின் சமதரையில் நெல் மூட்டையோடு இலகுவாக ஓடிய பிக்கப், இறத்தோட்டைக்கு மேலுள்ள ஏற்றத்தில் போஞ்சி மூட்டைகளோடு திணறுகிறது. கிளச்சைப் பாதி மிதித்தபடி ஏற்றுகிறோம். சில மாதங்களில் கிளச் தட்டுக் கருகுகிறது. "எஞ்சின் போய்விட்டது" என்று சொல்லிக் கடன் வாங்கி எஞ்சினைப் பிரிக்கிறோம்.

மறுபக்கமும் உண்டு. 2017, 2018ஆம் ஆண்டுகளில் மொரகஹகந்தை, களுகங்கை நீர்த்தேக்கங்களில் நீர் நிரம்பத் தொடங்கியபோது லக்கல பகுதியில் பல குடும்பங்கள் காணி இழந்து வேறிடம் போயின. மலைக்கு ஏற்ற வண்டியைச் சமவெளியில் நெடுந்தூரம் ஓட்டினால் எஞ்சின் இரைந்து டீசலைக் குடிக்கும்.

2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. பழைய வண்டியின் விலையும் ஏறியது. ஆகவே இருப்பதைச் சரியாகப் பொருத்திக்கொள்வதே நமக்கு வழி. இப்பாடத்தில் பின் அச்சின் பல் விகிதத்தைப் பற்றிக் கற்போம்.

1. விகிதம் என்றால் என்ன?

பின் அச்சின் நடுவே உருண்டையாக இருப்பது டிபரன்சல். அதற்குள் பினியன் என்ற சிறிய பற்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரியதன் பற்களைச் சிறியதன் பற்களால் பிரித்தால் வருவதே விகிதம். 41ஐ 10ஆல் பிரித்தால் 4.1. 39ஐ 8ஆல் பிரித்தால் ஏறக்குறைய 4.88.

எண் கூடினால் இழுவை கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். எண் குறைந்தால் எஞ்சின் அமைதியாக ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதைப் பெறுகிறோம்.

2. ஒரு கணக்கு

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீற்றர். டயரின் சுற்றளவு 2.1 மீற்றர் என்று வைப்போம். சக்கரம் நிமிடத்துக்கு 476 முறை சுற்றும். பல வண்டிகளில் நாலாம் கியரில் எஞ்சினும் பின்னால் போகும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். அப்போது 4.1 விகிதத்தில் எஞ்சின் ஏறக்குறைய 1950 முறை சுற்றும், 4.88 விகிதத்தில் ஏறக்குறைய 2320 முறை. இழுவையும் சுழற்சியும் நூற்றுக்கு 19 கூடுகின்றன.

இறக்கத்திலும் பயன் உண்டு. எண் கூடிய டிபரன்சலில் எஞ்சின் வண்டியை நன்றாகப் பிடித்து வைக்கும். றிவர்ஸ்டன் வளைவுகளில் பிரேக் சூடாவது குறையும்.

3. நமது வண்டியில் எந்த விகிதம்?

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். முன் சக்கரங்களுக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் இருபுறமும் கட்டை வையுங்கள். மற்றப் பின் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான தாங்கி வையுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்துங்கள். யாரும் வண்டியின் கீழே படுக்க வேண்டாம்.

உயர்த்திய சக்கரத்தை 20 முறை சுற்றுங்கள். நீண்ட தண்டில் சோக்குக் கோடு போட்டு அது எத்தனை முறை சுற்றுகிறது என்று இன்னொருவர் பக்கத்தில் இருந்து எண்ணட்டும். ஒரு சக்கரம் மட்டுமே சுற்றுவதால் 20 முறை என்பது 10க்குச் சமன். தண்டு 41 முறை சுற்றினால் விகிதம் 4.1, ஏறக்குறைய 49 முறை என்றால் 4.88.

4. பணம் செலவழிக்கும் முன்

முதலில் டயரைப் பாருங்கள். அழகுக்காகப் பெரிய டயர் போட்டிருந்தால் இழுவை அங்கேயே போய்விடும். சுற்றளவு 2.1இலிருந்து 2.3 மீற்றரானால் 4.1 விகிதம் 3.75 போல நடக்கும். பழைய அளவு டயரே மலிவான மருந்து. பின்பு காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, இன்ஜெக்டர், இறுகிப் பிடிக்கும் பிரேக், தேய்ந்த கிளச் ஆகியவற்றைச் சோதியுங்கள். இவை சரியாக இருந்தும் வண்டி ஏற மறுத்தால் மட்டும் டிபரன்சலுக்குப் போகலாம்.

5. எதைத் தெரிவு செய்வது?

ஒரு மாதம் கொப்பியில் குறித்து வையுங்கள்: எந்த வீதி, எவ்வளவு பாரம், எத்தனை கிலோமீற்றர். பாரத்தோடு போகும் பயணம் பெரும்பாலும் மலை வீதியானால் 4.5 முதல் 4.9 வரை ஏற்றது. நாவுலவிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு நெடுஞ்சாலையில் ஓடுவதே அதிகமானால் 4.1 அளவு போதும். இரண்டும் கலந்தால் 4.3 அல்லது 4.5. ஆண்டுக்கு ஒருமுறை கொழும்புக்குப் போகும் பயணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

6. மாற்றும்போது

கிரவுன் வீலும் பினியனும் ஒன்றாகத் தேய்த்துச் சேர்த்த சோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் வாங்குவதானால், அதே அச்சுக்குப் பொருந்தும் டிபரன்சலை முழுதாக வாங்குவது நல்லது. பற்களை எண்ணிய பிறகே காசு கொடுங்கள்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றி நாலு சக்கர இழுவையைப் போட்டால் பற்கள் உடையும்.

வேகமானியும் பிழையாகக் காட்டும். 4.1இலிருந்து 4.88க்கு மாறினால் உண்மையான 60ஐ 71 என்று காட்டும். அதன் சிறிய பற்சக்கரத்தையும் மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பல்லை மாற்றினால் இழுவைதான் கூடும். பிரேக்கும் வில்லும் அப்படியே இருக்கும். வண்டி இலகுவாக ஏறுகிறதே என்று மேலும் இரண்டு மூட்டை ஏற்றினால், இறக்கத்தில் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

குழுவில் கலந்துரையாட:
- நமது வண்டி எந்த ஊர் வீதிக்காக வாங்கப்பட்டது? இன்று எந்த வீதியில் ஓடுகிறது?
- சென்ற ஆண்டு கிளச்சுக்கும் டீசலுக்கும் எவ்வளவு செலவழித்தோம்?
- அயலவர் சிலர் சேர்ந்து ஒரே வண்டியில் மரக்கறி அனுப்பினால் யாருடைய வண்டி அந்த வீதிக்கு ஏற்றது?