தன் உருவைத் தானே வரைந்த பெண்கள்

கைப்பேசியை நீட்டிப் பிடித்து நம் முகத்தை நாமே படமெடுப்பதைச் ‘செல்ஃபி’ என்கிறோம். 2013-ஆம் ஆண்டின் சொல்லாக இதனை ஆக்ஸ்போர்டு அகராதியார் தேர்ந்தெடுத்தனர். சொல்தான் புதிது. 12-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் குடா என்னும் கன்னியர், தாம் படியெடுத்த நூலின் முதலெழுத்து ஒன்றினுள் தம் உருவத்தை வரைந்து, இதை எழுதியதும் தீட்டியதும் தாமே என்று பெயரும் பொறித்து வைத்தார். நம் சகோதரிகளுக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருமன்றோ!

1548-இல் ஆண்ட்வெர்ப் நகரைச் சேர்ந்த கத்தரீனா வான் ஹெமெசன் தம்மைத் தாமே தீட்டினார். அப்போது அவருக்கு வயது 20. தொழில் கற்றுக்கொடுத்தவர் ஓவியரான அவர் தந்தை. ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றே பெரிய பலகை அது. இன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. படத்தில் அவர் சிரிக்கவில்லை. கையில் தூரிகை, எதிரே சட்டத்தில் இப்போதுதான் தொடங்கிய ஒரு முகம். வெல்வெட் சட்டைக் கை போட்டுக்கொண்டு வண்ணம் குழைப்பவர் யார் என்று நமக்குச் சிரிப்பு வந்தாலும், “நான் வேலை தெரிந்தவள்” என்று அப்படம் சொல்வது தெளிவாகக் கேட்கிறது.

அக்காலத்தில் ஆண்களைப் போல் மாதிரிகளை நிறுத்திவைத்து உடலமைப்பைக் கற்கப் பெண்களுக்கு அனுமதியில்லை. கண்ணாடியில் தெரிந்த சொந்த முகத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை! இத்தாலியின் கிரெமோனா நகரத்துச் சொபோனிஸ்பா ஆங்குயிசோலா இவ்வாறு தம்மைப் பலமுறை தீட்டினார். 1556-இல் வரைந்த படத்தில், அன்னை மரியாளையும் குழந்தை இயேசுவையும் தீட்டிக்கொண்டே நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். இன்னொன்று வேடிக்கையானது. அவருடைய ஆசிரியர் அவரைப் படமாகத் தீட்டுவதாக அவரே வரைந்தது அது. அதில் ஆசிரியரைவிட மாணவியின் உருவமே பெரிது. ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

1624-இல், தொண்ணூறு வயது கடந்து கண் மங்கியிருந்த அவரைப் பலெர்மோவில் சந்தித்து வரைந்தார் வான் டைக் என்னும் இளம் ஓவியர். “விளக்கொளி மிக உயரத்திலிருந்து விழ வேண்டாம், சுருக்கங்கள் பெரிதாகத் தெரியும்” என்ற பொருளில் மூதாட்டி சொன்னதை அவர் குறித்து வைத்திருக்கிறார். அழகாகத் தெரிய வேண்டுமென்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் ஒளி எங்கே விழ வேண்டும் என்பதை முடிவு செய்தவர் அவரே.

இங்கேதான் நம் செல்ஃபியைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கை நம்முடையது, முகமும் நம்முடையது. வண்ணம் குழைப்பது யார்? பல கைப்பேசிகளில் ‘அழகூட்டும்’ வசதி, நாம் கேளாமலே நிறத்தை வெளுப்பாக்கி, கன்னத்தை வழவழப்பாக்கிவிடுகிறது. பிறர் கண்ணுக்காகப் பெண்ணைத் திருத்தும் பழைய வழக்கம் நம் கைக்குள்ளேயே வந்து அமர்ந்துகொண்டதே!

சென்ற விடுமுறையில் நம் வகுப்புத் தோழி ஒருத்தி தன் தந்தையின் கைப்பேசியில் தன்னைப் படமெடுத்துத் தாயிடம் காட்டினாள். (பள்ளிக்குள் கைப்பேசி கூடாது என்பதை நாம் மறக்கவில்லை.) அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு எங்கேடி?” என்று கேட்டார். தோழி அந்த வசதியைத் தேடி நிறுத்திவிட்டு, கிணற்றடி வெளிச்சத்தில் மறுபடி எடுத்தாள். நெற்றித் தழும்பும் மாநிறமுமாக உள்ள அந்தப் படத்தைத்தான் எங்களுக்குக் காட்டினாள்.