ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்

அன்புள்ள மகளுக்கு,

உன் அம்மா வழிப் பாட்டியின் பிறப்புப் பத்திரத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய், கிடைத்தது. 1941-இல் பிறந்திருக்கிறார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரு தோட்டத்தின் பெயர், பக்கத்தில் சுங்கை சிப்புட். அதற்குமேல் ஒன்றும் இல்லை. கைப்பேசியில் தேடினால் அந்தப் பெயரில் ஒரு தாமானும் (வீடமைப்புப் பகுதி) ஓர் எண்ணெய் நிலையமும்தான் வருகின்றன என்று குறைப்பட்டிருக்கிறாய். கைப்பேசிக்கு இன்றைய பேராக்தான் தெரியும். பாட்டி பிறந்த பேராக்கைப் பார்க்க வேண்டுமானால் பழைய நில அளவை வரைபடங்களைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, அவற்றோடு கொஞ்சம் மல்லுக்கட்டவும் வேண்டும். அது எப்படி என்று எழுதுகிறேன். வழக்கம்போல் நான் நடுவில் கிளை பிரிந்து வேறெங்காவது போனால் பொறுத்துக்கொள்.

அந்தக் காலத்தில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கூட்டு மலாய் மாநிலங்கள். அவற்றின் நில அளவைத் துறை ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற கணக்கில் தாள் தாளாகப் படம் போட்டது. மைலுக்கு 63,360 அங்குலம், ஆகவே தாளின் ஓரத்தில் 1:63,360 என்றிருக்கும். உலகப் போரின்போது ராணுவம் இதே அளவில் அச்சிட்ட வரிசைக்கு ‘ஹிந்த் 1035’ என்று பெயர். போருக்குப் பின் வந்தது ‘எல் 7010’. மெட்ரிக் முறைக்கு மாறியபின் 1:50,000 அளவில் ‘எல் 7030’. நூலகப் பட்டியலில் இந்த வரிசை எண்களைக் கொடுத்துத் தேடு. ‘மலாயா பழைய வரைபடம்’ என்று போட்டால் சுவரில் மாட்டுகிற அலங்காரப் படங்கள்தான் வந்து விழும். ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்திலும் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்திலும் பழைய தாள்கள் இருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தே பலவற்றைப் பார்த்துவிடலாம். நம் நாட்டின் இன்றைய நில அளவைத் தாள்களைக் கடையில் போய் வாங்க முடியாது, பாதுகாப்புக் காரணம் சொல்லி அனுமதி கேட்பார்கள். சுங்கை சிப்புட்டைப் பார்க்கக் கான்பராவின் கதவைத் தட்டுவது வேடிக்கைதான். ஆனால் திறக்கிற கதவைத்தானே தட்ட வேண்டும்.

தாள் கைக்கு வந்ததும் ஊர்ப் பெயரைத் தேடாதே. ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. அச்சிட்ட ஆண்டு ஒன்று, நிலத்தை அளந்த ஆண்டு வேறொன்று. இரண்டுக்கும் நடுவே பத்து இருபது ஆண்டுகள்கூட இருக்கும். போர்க்காலத் தாள்களில் பல, போருக்கு முன் அளந்ததை வைத்துப் போட்டவை. 1944 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஜப்பான்காரன் காலத்தில் தோட்டம் இப்படி இருந்தது என்று எழுதிவிடாதே. உனக்கு அது சாதகமும்கூட. அந்தத் தாள் காட்டுவது பாட்டியின் அம்மா பால்மரம் வெட்டிய காலம்.

அடுத்து, அளவை மனதில் வாங்கிக்கொள். 640 ஏக்கர் சேர்ந்தால் ஒரு சதுர மைல், தாளில் அது ஒரு சதுர அங்குலம். ஆயிரத்து இருநூறு ஏக்கர்த் தோட்டம், துரை பங்களா, ஸ்டோர், ஆயாக்கொட்டகை, கோயில், தொழிலாளர் லயங்கள் எல்லாம் சேர்த்து ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் அடங்கிவிடும். ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டுகிற முந்நூறு நானூறு மரம், மூன்று நான்கு ஏக்கர் என்று வை. அது தாளில் இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர். இருட்டோடு எழுந்து பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய், மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்த ஒருவருடைய பிழைப்பு முழுவதும் அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் நடந்தது. அச்சடித்தவனுக்கு அது பச்சை மை.

இதனால்தான் மல்லுக்கட்ட வேண்டும் என்றேன். இந்தப் படங்கள் வரி போடவும் சாலை போடவும் நிலம் பிரிக்கவும் படை நடத்தவும் போட்டவை. தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர்தான் அதில் வரும். நம் ஆட்கள் பழைய துரையின் பெயரையோ பெரிய கங்காணியின் பெயரையோ வைத்துக் கூப்பிட்ட பெயர் வராது. மேல் டிவிசன் எங்கே முடிந்தது, எந்த லயத்தில் எந்த ஊர் ஆட்கள் இருந்தார்கள், இடுகாட்டுக்கு எந்தப் பாதை என்பதெல்லாம் பாட்டியின் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் படம் கையில் இருந்தால் பாட்டியிடம் என்ன கேட்பது என்று தெரியும். “எங்கே இருந்தீங்க?” என்று கேட்டால், “தோட்டத்துலதான்” என்பார். அதோடு முடிந்தது.

இப்படிக் கேட்டுப் பார். தண்ணி எங்கே எடுத்தீங்க? மழைக்காலத்துல எந்தப் பாலம் முழுகும்? ராத்திரி ரயில் சத்தம் கேக்குமா, எந்தப் பக்கமிருந்து? காலையில வெயில் லயத்துக்கு முன்னால விழுமா, பின்னாலயா? கடைக்குப் போக எத்தனையாங் கட்டை? ஒவ்வொரு பதிலையும் தாளில் கோடாக இழுக்கலாம். ரயில் சத்தம் கேட்டது என்றால் தண்டவாளத்திலிருந்து இரண்டு மைலுக்கு மேல் இருக்காது. பாதையின் இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் விட்டுப் பென்சிலால் கோடு போடு. ஈப்போவிலிருந்து கோல கங்சார் போகிற பாதை சுங்கை சிப்புட் வழியாகத்தான் போகிறது, ஆகவே இது நல்ல வலை. ஆறு லயத்துக்குப் பின்னால், வெயில் முன்னால் என்றால் லயம் கிழக்கே பார்த்தது, ஆறு மேற்கே. இப்படி வடிகட்டினால் வலையில் ஒன்றோ இரண்டோ இடம்தான் மிஞ்சும். கட்டைக் கணக்கில், அதாவது மைல்கல் கணக்கில், மட்டும் கவனமாக இரு. எந்த ஊரிலிருந்து எண்ணினார்கள் என்பதை, தாளில் எண் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எழுபதுகளில் கிலோமீட்டர் வந்தபின் நட்ட கற்களோடு அதைக் குழப்பிக்கொள்ளாதே.

இன்னொரு சிக்கல், லயங்களே இடம் மாறின. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டார்கள். அதையொட்டிப் பிரகடனமான அவசரகாலம் 1960 வரை நீடித்தது. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தால் காட்டோரத்தில் இருந்தவர்களைப் புதுக்கிராமங்களில் கொண்டுவந்து அடைத்தார்கள் என்று சரித்திரப் பாடத்தில் படித்திருப்பாய். தோட்டத்து ஆட்களையும் விடவில்லை. எட்ட எட்ட இருந்த லயங்களைக் கலைத்து, முள்கம்பி வேலிக்குள் ஒரே இடத்தில் கூட்டினார்கள். பாட்டிக்கு அப்போது ஏழு, எட்டு, பத்து வயது. அவர் ஞாபகத்தில் இரண்டு வீடு இருக்கும், சொல்லும்போது இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வார். ஆகவே 1948-க்கு முன் அளந்த தாள் ஒன்று, பின்னால் வந்த தாள் ஒன்று, இரண்டையும் அருகருகே வை. அவர் சொல்லுகிற ஆறு ஒரு தாளிலும் வேலி இன்னொரு தாளிலும் பொருந்தும்.

பிந்தைய தாள்களுக்கு வானிலிருந்து எடுத்த படங்கள் உதவின. அவசரகாலத்தில் பிரித்தானிய விமானப் படையின் 81-ஆவது அணிக்கு இதுதான் வேலை, காட்டுக்கு மேல் பறந்து படம் எடுப்பது. மேலிருந்து பார்த்தால் கூரை தெரியும். அது மாட்டுக் கொட்டகையா மாரியம்மன் கோயிலா என்பது கீழே இறங்கிக் கேட்டவனுக்குத்தான் தெரியும்.

சாலையின் பழைய வளைவுகளையும் விட்டுவிடாதே. இதற்கு நம் பேராக்கிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1942 ஜனவரி 7 அன்று துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை பிரதான சாலையை மறித்துப் பிரித்தானியப் படை நின்றது. சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் கித்தாக்காட்டுக்குள் அப்படியே கிடந்தன. ஜப்பானிய டாங்கிகள் அவற்றில் புகுந்து தடைகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டன. ஒரே நாளில் படை சிதறியது, சில நாளில் கோலாலம்பூரும் போயிற்று. பழைய சாலை எங்கே வளைந்தது என்பது சும்மா ஏட்டுச் சங்கதி இல்லை, பார்த்தாயா? உனக்கும் அது பயன்படும். தோட்டத்து வாசல், கடை வரிசை, கள்ளுக்கடை எல்லாம் பழைய சாலையைப் பார்த்துத்தான் இருந்தன. இன்றைய சாலையில் நின்று தேடினால் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்.

சுங்கை சிப்புட்டுக்குப் போகுமுன் பத்து காஜா பக்கம் ஒருமுறை பழகிப் பார். கெல்லிஸ் காசலுக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பாய். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியில் நின்ற மாளிகை. கட்டியவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர். எல்லாரும் பேய்க்கதை கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். அந்த மாளிகை ஒரு தோட்டத்தின் நடுவே எழுந்தது. அவர் தம் சொந்த ஊரான கெல்லஸின் பெயரை வைத்த கிந்தா கெல்லஸ் தோட்டம். அந்தப் பகுதித் தாளை எடுத்துக்கொண்டு போ. சுங்கை ராயா ஆற்றையும் பாலத்தையும் முதலில் பொருத்து. பிறகு மாளிகையிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு நட. கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே துரையின் உருவமும் நிற்கும். விஷக்காய்ச்சலில் ஆட்கள் செத்ததைப் பார்த்துக் கோயில் கட்ட அவர் உதவினார் என்பது அங்குள்ளோர் சொல்வது. மாளிகைக்கும் கோயிலுக்கும் உள்ள தூரத்தைத் தாளில் அளந்து, காலாலும் அளந்து பார்த்துவிட்டால் கண்ணுக்கு அளவு பிடிபட்டுவிடும்.

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஒரு தொல்லை உண்டு. ஈயலம்பங்கள் நிலத்தையே புரட்டிப் போட்டுவிட்டன. பழைய தாளில் நிலமாக இருப்பது இன்று குளம், குளமாக இருந்தது தாமான், ஆறுகளையும் வேறு வழியில் திருப்பியிருக்கிறார்கள். அங்கே ஆற்றை நம்பாதே. குனோங் ராப்பாட், குனோங் லாங் போன்ற சுண்ணாம்புக் குன்றுகளைப் பிடித்துக்கொள். சிலவற்றை உடைத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், இருந்தாலும் அடிவாரம் அங்கேயே இருக்கிறது. கணினியில் பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைக்கும்போதும் இப்படி அசையாத நான்கைந்து புள்ளிகள் வேண்டும்: குன்றின் உச்சி, ரயில் பாலம், பழைய சாலைச் சந்தி. ரயில் பாதையிலும் இரட்டைத் தண்டவாளம் போட்டபோது சில வளைவுகளை நேராக்கினார்கள், அதைப் பார்த்துக்கொள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். இதில் நீ எனக்குச் சொல்லித்தர வேண்டியவள்.

தோட்டத்தின் பெயரே ஒரு தாளில் இருந்து அடுத்த தாளில் காணாமற்போனால் திகைக்காதே. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்களைத் தரகர்கள் வாங்கித் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் கசப்போடு சொல்வது அதைத்தான். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். துண்டானவை பெயர் இழந்தன. பிறகு செம்பனை வந்தது, பிறகு வீடுகள். பெயர் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நம் பள்ளிக்கூடப் பலகைகளில்தான்: எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி, டோவன்பி தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஹீவூட் தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஆனால் பள்ளி நிற்கிற இடமே தோட்டம் இருந்த இடம் என்று எழுதிவிடாதே. வேறு இடத்துக்கு மாற்றிக் கட்டிய பள்ளிகள் பழைய பெயரோடுதான் போயிருக்கின்றன. பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கத் தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேள். அதில் தந்தை பெயரோடு டிவிசனும் எழுதியிருந்தால் உனக்கு அதிர்ஷ்டம்.

இடத்துக்குப் போகும்போது தனியாகப் போகாதே, உன் தம்பியைக் கூட்டிக்கொள். செம்பனைக்காடு யாருடையதோ, காவல்காரரிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள். முழுக்கால் சட்டை, பூட்ஸ். அட்டையும் பாம்பும் உண்டு. லயம் இருந்த இடத்தில் சுவர் இருக்காது. மா, பலா, முருங்கை, வேம்பு என்று செம்பனைக்கு நடுவே வரிசையாக நின்றால் அங்கே வீடு இருந்தது என்று பொருள். சிமெண்ட் அல்லூர் (சாக்கடை) ஒன்று நேராக ஓடி எங்கேயோ முடியும், அதன் இரு பக்கமும் லயம். பார்த்ததை அங்கேயே தாளின் நகலில் தேதி போட்டுக் குறி. வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விடாதே.

இது முடிந்தபின் கடலுக்கு அந்தப் பக்கமும் போகலாம். இந்திய நில அளவைத் துறையும் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில்தான் தாள் போட்டது. பாட்டியின் அப்பா திருச்சி பக்கம் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். திருச்சி விழுவது 58 ஜே என்ற கட்டத்தில், அதற்குள் பதினாறு தாள்கள். ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்து தாலுகா தெரியாமல் அதைத் தொட்டால் ஒரே பெயரில் நாலைந்து ஊர் வந்து நிற்கும். ஆகவே முதலில் பாட்டியிடம் குலதெய்வக் கோயில் எந்த ஆற்றங்கரையில் என்று கேட்டு வை. அடுத்த வாரம் ஈப்போ வந்தால் என்னிடம் உள்ள சுங்கை சிப்புட் நகலைப் பெரிதாக்கி எடுத்துக்கொள்ளலாம். பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா
புந்தோங், ஈப்போ