பூமியைச் சுற்றிவரும் சிற்றலைகள்

1924 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18 ஆம் நாள். வட இலண்டனிலுள்ள மில் ஹில் பாடசாலையின் மாணவர் ஒருவர் அதிகாலை வேளையில் வானொலிக் கருவியின் முன் அமர்ந்திருந்தார். அவர் பெயர் சிசில் கோய்டர், வயது 18. அவ்வேளை பூமியின் மறுபுறத்தில், நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள ஷாக் பள்ளத்தாக்கில், மாலைப்பொழுது. அங்கே தம் குடும்பத்தின் பண்ணையில் தாம் அமைத்த கருவியை பிராங்க் பெல் என்பவர் இயக்கிக்கொண்டிருந்தார். இருவரும் மோர்ஸ் குறிகளால் உரையாடினர். பிரித்தானியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே நிகழ்ந்த முதலாவது இருவழி வானொலித் தொடர்பு அதுவேயாகும். இடைத்தூரம் ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர்.

இவ்விருவரும் வானொலியைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஆர்வத்தினால் அதனைக் கற்ற அமெச்சூர் வானொலியாளர்கள். கடலடிக் கம்பியோ செய்மதியோ துணையின்றி இவர்களது சமிக்ஞை பூமியின் மறுபக்கத்தை அடைந்தது எவ்வாறு? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நேராகச் செல்லும் அலை, வளைந்த பூமி

வானொலி அலையும் ஒளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் மின்காந்த அலைகளே. வெற்றிடத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் வேகத்தில் நேர்கோட்டிற் செல்வன. ஆனால் பூமியோ உருண்டையானது. ஒரு தோடம்பழத்தின் மேல் ஒரு பென்சிலை வைத்துப் பாருங்கள். பென்சில் ஓரிடத்தில் மாத்திரமே பழத்தைத் தொடும். அதன் முனைகள் விலகி நிற்கும். அவ்வாறே இலண்டனிலிருந்து புறப்படும் அலையும் சிறிது தூரத்தின் பின் நிலத்தைவிட்டு விலகி விண்வெளிக்குச் சென்று மறைந்துவிட வேண்டும்.

எனினும் 1901 டிசெம்பரில், இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலிருந்து அனுப்பப்பட்ட சமிக்ஞையை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும், ஒருவரையொருவர் சாராமல், ஒரே விளக்கத்தை முன்வைத்தனர். வானில் உயரத்தே மின்னைக் கடத்தும் படை ஒன்று இருத்தல் வேண்டும். அதுவே அலைகளை மீண்டும் பூமிக்குத் திருப்புகின்றது என்பது அவர்களின் கருத்து.

சூரியன் அமைத்த கூரை

அவர்கள் கருதிய படை உண்மையிலேயே இருக்கின்றது. சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் உயர் வளிமண்டலத்திலுள்ள அணுக்களையும் மூலக்கூறுகளையும் தாக்கி அவற்றிலிருந்து இலத்திரன்களைப் பிரிக்கின்றன. இலத்திரனை இழந்தவை அயன்கள் ஆகின்றன. ஏறத்தாழ 60 கிலோமீற்றர் உயரத்திலிருந்து பல நூறு கிலோமீற்றர் வரை பரந்துள்ள இப்பகுதியே அயன் மண்டலம் எனப்படுகின்றது. அதனை டீ, ஈ, எப் என மூன்று படைகளாக வகுப்பர். டீ படை எல்லாவற்றிலும் தாழ்ந்தது. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் ஈ படையும், அதற்கு மேல் எப் படையும் அமைந்துள்ளன. நெடுந்தூரத் தொடர்புக்குப் பெரிதும் உதவுவது எப் படையே.

இப்படை கண்ணாடிபோல் அலையைத் தெறிக்கச் செய்வதில்லை. இலத்திரன்கள் செறிந்த பகுதிக்குள் நுழையும் அலை சிறிது சிறிதாக வளைந்து, இறுதியில் கீழ்நோக்கித் திரும்புகின்றது. கோடையில் தார்வீதியிலே தோன்றும் கானல் நீரும் இத்தகைய வளைவினால் உண்டாவதே.

இங்கிலாந்தின் ஆய்வாளர்களான எட்வர்ட் அப்பிள்டனும் மைல்ஸ் பார்னெற்றும் 1924 டிசெம்பர் 11 ஆம் நாள் இதனைப் பரிசோதனையால் உறுதிப்படுத்தத் தொடங்கினர். போர்ன்மவுத் பிபிசி நிலையத்தின் அலைகளை ஒக்ஸ்போர்ட்டில் பெற்று, அவற்றைத் திருப்பிய படையின் உயரத்தை அளந்தனர். இப்பணிக்காக அப்பிள்டனுக்கு 1947 இல் நோபல் பரிசு கிடைத்தது. கோய்டரின் உரையாடல் இச்சோதனைக்கு முன்னரே நடந்தேறிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

தாவித் தாவிச் செல்லும் பயணம்

எப் படையினால் திருப்பப்படும் அலை ஒரே தாவலில் ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் வரை செல்லக்கூடும். அது நிலத்திலோ கடலிலோ பட்டு மீண்டும் மேலெழுந்து, மீண்டும் திரும்புகின்றது. கடல்நீர் இதற்கு நிலத்தினும் சிறந்தது. இவ்வாறு கணக்கிட்டால் இலண்டனிலிருந்து நியூசிலாந்துக்குக் குறைந்தது ஐந்து தாவல்கள் தேவை. இத்தனை தாவியும் பயணத்துக்குச் செல்லும் நேரம் ஒரு செக்கனின் பதினாறில் ஒரு பங்களவே!

அலை தாவிச் செல்வதால் இடையிலுள்ள ஊர்களில் அது கேட்காமற் போவதுமுண்டு. தொலைநாட்டில் தெளிவாகக் கேட்கும் நிலையம் அயல்நாட்டில் கேட்பதில்லை. மேலும், ஒரே சமிக்ஞை பல வழிகளால் வந்துசேரும்போது அவை ஒன்றையொன்று சிலவேளை வலுப்படுத்தியும் சிலவேளை அழித்தும் விடுகின்றன. முன்னாளில் சிற்றலையில் தமிழோசை கேட்ட நம் பெற்றோரிடம் கேளுங்கள். செய்தியின் நடுவே ஒலி ஏறியும் இறங்கியும் வந்த அனுபவத்தை அவர்கள் கூறுவர்.

காலமறிந்து அனுப்புதல்

ஓர் அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றது என்பது அதன் மீடிறன் ஆகும். மீடிறன் மிக உயர்ந்தால் அலை அயன் மண்டலத்தை ஊடுருவி விண்வெளிக்குச் சென்றுவிடும். 30 மெகாஹேர்ட்சுக்கு மேற்பட்ட அலைகள் பெரும்பாலும் இத்தகையன. மீடிறன் குறைந்தாலோ, பகலில் டீ படை அலையை உறிஞ்சிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மீடிறனைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அதுவும் வேளைக்கு வேளை மாறுபடும்.

சூரியன் மறைந்ததும் டீ படை விரைவில் மறைந்துவிடும். எப் படையோ இரவிலும் நிலைத்திருக்கும். ஆகவே விடியலும் அந்தியும் நெடுந்தூரத் தொடர்புக்கு உகந்த வேளைகள். இலண்டனில் விடியும்போது நியூசிலாந்தில் அந்தி சாய்ந்த அந்த ஒக்டோபர் நாளை மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவை பெருகிய காலத்தில் அயன் மண்டலம் வலுப்பெற, உயர்ந்த மீடிறன்களிலும் சிறிய கருவிகளால் உலகெங்கும் பேசலாம். அதே சூரியனில் பெருஞ்சுடர் எழுந்தாலோ, பகற்பக்கத்தில் சிற்றலைத் தொடர்பு திடீரென அற்றுப்போவதும் உண்டு.

பயனற்றதெனத் தள்ளிய பகுதி

மார்க்கோனியின் காலத்தில், அலை எவ்வளவு நீண்டதோ அவ்வளவு தூரம் செல்லும் என்றே வல்லுநர் நம்பினர். பெரிய நிறுவனங்கள் உயர்ந்த கோபுரங்களை எழுப்பி, மிகுந்த வலுவுடன் நெட்டலைகளை அனுப்பின. 1912 இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், பயன் குறைந்தவை எனக் கருதப்பட்ட 200 மீற்றரும் அதற்குக் குறைந்த அலைநீளங்களையுமே அமெச்சூர் வானொலியாளருக்கு ஒதுக்கியது. அவர்கள் அதனைக்கொண்டு முயன்றனர். 1921 டிசெம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சமிக்ஞைகள் ஸ்கொட்லாந்தில் கேட்கப்பட்டன. 1923 நவம்பரில், ஏறத்தாழ 100 மீற்றர் அலையில், அமெரிக்காவும் பிரான்சும் இருவழியாக உரையாடின. அடுத்த ஆண்டு மில் ஹில் மாணவரின் சமிக்ஞை பூமியின் மறுபக்கத்தை அடைந்தது.

அம்மாணவரே 1936 இல் இந்தியா சென்று, அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியியலாளராகப் பணியாற்றினார். பரந்த அந்நாடெங்கும் சிற்றலை ஒலிபரப்பை நிறுவும் பணியை அவர் முன்னின்று நடத்தினார். 1938 இல் தொடங்கப்பட்ட சென்னை நிலையமும் அவர் பணியாற்றிய காலத்ததே.

மாணவச் செல்வங்களே! இன்றும் தேர்வில் சித்தியடைந்து உரிமம் பெற்றால், பழைய மின்குமிழ் ஒன்றுக்குத் தேவைப்பட்ட 100 வற்று வலுவைக்கொண்டும், அதனினும் குறைந்த வலுவைக்கொண்டும், உலகின் மறுபுறத்தோடு பேசலாம். தொலைவை வென்றது பெருவலு அன்று. வானின் இயல்பை அறிந்து, உரிய வேளையில் உரிய அலையைத் தெரிந்து, விடியும்வரை காத்திருந்த பொறுமையே அதனை வென்றது. பிறர் பயனற்றதெனத் தள்ளிய ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, ஒருமுறை ஆராய்ந்து பாருங்கள்.