கல்முனை நீதிமன்றின் பழைய வழக்கேடு: தேடும் வழியும் பெறும் உரிமையும்

கேள்வி

மருதமுனையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியுள்ள விடயம் இதுவாகும்: அவருடைய காலஞ்சென்ற தந்தையார், 1990களின் நடுப்பகுதியில் கல்முனை மாவட்ட நீதிமன்றில் நடைபெற்ற பாகப்பிரிவினை வழக்கொன்றில் பங்காளியாக இருந்து, வளவொன்றின் ஒரு துண்டைத் தமது பங்காகப் பெற்றிருந்தார். வழக்குக் கடதாசிகள் யாவும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமியில் வீட்டோடு போய்விட்டன. அக்காணியை இளைய சகோதரியின் பெயருக்குச் சீதனமாக எழுத முற்பட்டபோது நொத்தாரிசு இறுதித் தீர்வையின் பிரதியைக் கேட்டுள்ளார். ஆனால் வழக்கிலக்கம் எவருக்கும் தெரியாது, வழக்கை நடத்திய சட்டத்தரணியும் உயிருடன் இல்லை. மூத்த சகோதரியின் விவாகரத்துத் தொடர்பில் காதி வழங்கிய கட்டளையின் பிரதியும் தேவைப்படுகிறது. இவற்றைத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ்க் கோரலாமா, அன்றி வேறு வழி உண்டா என்பது அவரது கேள்வி.

பதில்

இரு ஆவணங்களையும் பெறுவதற்கு வாசகரின் குடும்பத்தினருக்கு உரிமை உண்டு. எனினும் அவை ஒரே இடத்தில் ஒரே விண்ணப்பத்தால் கிடைப்பன அல்ல. தீர்வையின் பிரதி மாவட்ட நீதிமன்றப் பதிவாளரிடமும், மறந்துபோன வழக்கிலக்கம் பெரும்பாலும் காணிப் பதிவகத்திலும், விவாகரத்துக் கட்டளை காதியிடமும் தேடப்பட வேண்டியவை. தகவலுக்கான உரிமைச் சட்டமோ இவ்வழிகளில் ஏதேனும் அடைபடும்போது அல்லது அலுவலகம் விடையளிக்காதபோது துணைக்கு வரும் கருவியாகவே கொள்ளத்தக்கது.

இவ்வுரிமை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது, அலுவலகக் கவுண்டரின் முன் தயங்கி நிற்க நேராமல் இருப்பதற்கு உதவும். நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்பது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரையில் கூறப்பட்டுள்ள பொதுவிதியாகும். குடும்ப உறவுகள், பாலியல் விடயங்கள், தேசிய பாதுகாப்பு முதலியவற்றில் மட்டுமே நீதிபதி வெளியாரை விலக்கலாம். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டமோ, நீதிமன்றச் செயல்களின் பதிவுகளைப் பகிரங்க ஆவணங்கள் என வகைப்படுத்தி, அத்தகைய ஆவணத்தைப் பார்வையிட உரிமையுள்ள ஒருவர் கட்டணம் செலுத்திக் கேட்கும்போது, அதனைப் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர் அதன் பிரதியை வழங்க வேண்டும் என்று 76ஆம் பிரிவில் கடமை விதிக்கிறது. அப்பிரதியின் அடியில் அது உண்மைப் பிரதி எனும் குறிப்பும் திகதியும் அலுவலரின் பெயரும் பதவியும் எழுதப்பட்டுக் கையொப்பமும் முத்திரையும் இடப்படுகையில் அது சான்றுப்படுத்தப்பட்ட பிரதியாகிறது. 77ஆம் பிரிவின்படி அதனை மூல ஆவணத்தின் உள்ளடக்கத்திற்குச் சான்றாக முன்வைக்கலாம். ஆகவே நொத்தாரிசு கேட்பது வெறும் ஒளிப்பிரதியை அன்று, இவ்வாறு சான்றுப்படுத்தப்பட்ட பிரதியையே.

கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பதில் தெளிவு வேண்டும். வழக்கேடு என்பது ஒரு வழக்கின் எல்லாத் தாள்களும் கோவைப்படுத்தப்பட்ட கட்டு ஆகும். 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 92ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுக்கப்பட்ட நாளிலிருந்து நிகழும் ஒவ்வொரு நிகழ்வும் திகதி வாரியாகக் குறிக்கப்படும் நாட்குறிப்பு அதில் இருக்கும். அதனையடுத்து முறைப்பாடு, எதிராளிகளின் விடைகள், சாட்சியப் பதிவுகள், அடையாளமிடப்பட்ட ஆவணங்கள், தீர்ப்பு, தீர்வை ஆகியன இருக்கும். தீர்ப்பு என்பது நீதிபதி காரணங்களோடு எழுதும் முடிவு. தீர்வை என்பது அம்முடிவின்படி இன்னாருக்கு இன்னது உரியது என முறைப்படி வரையப்படும் கட்டளை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழான வழக்கில் பங்குகளின் அளவைத் தீர்மானிக்கும் இடைக்காலத் தீர்வை, நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒப்படைக்கும் இறுதித் தீர்வை என இரண்டு தீர்வைகள் உண்டு. ஆதலால் இரண்டையும், இறுதித் தீர்வையோடு இணைந்த நிலஅளவைப் படத்தையும் அதன் அட்டவணையையும் சேர்த்தே கேட்க வேண்டும். படமில்லாத தீர்வையைக் கொண்டு எந்தத் துண்டு யாருக்குரியது என்பதை நிலத்தில் காட்ட முடியாது. இத்தீர்வைகள் அறுதியானவை எனப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு கூறுவதால், கரையோர ஊர்களில் காணிக்கான உரித்துகளில் இவற்றுக்கு இணையான வலிமை கொண்டவை மிகச் சிலவே.

வழக்கிலக்கம் தெரியாமை பெரிய தடையாகத் தோன்றினாலும், அதனைக் கண்டறியும் வழியைச் சட்டமே அமைத்துத் தந்துள்ளது. பாகப்பிரிவினை வழக்கு தொடுக்கப்படும்போது, அந்நிலத்தின்மீது வழக்கு நிலுவையில் உள்ளது என்பதை 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்களைப் பதிவுசெய்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காணிப் பதிவகத்தில் பதிவுசெய்விப்பது கட்டாயமாகும். இது வழக்கு நிலுவைப் பதிவு எனப்படும். எனவே, காணியின் பெயரையும் நான்கு எல்லைகளையும், முன்னைய உறுதி ஏதேனும் இருந்தால் அதன் இலக்கத்தையும் கொண்டு கல்முனைக் காணிப் பதிவகத்தில் தேடுதல் விண்ணப்பம் செய்து, அந்நிலத்திற்குரிய பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியைப் பெற்றால், உறுதிகளின் வரிசைக்கு நடுவே நீதிமன்றின் பெயரும் வழக்கிலக்கமும் எழுதப்பட்டிருக்கக் காணலாம். இலக்கத்தோடு ஒட்டி நிற்கும் எழுத்தையும் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். வழமையில் பாகப்பிரிவினை வழக்குகளுக்கு 'பி', காணி வழக்குகளுக்கு 'எல்', பண வழக்குகளுக்கு 'எம்', மரணசாதன வழக்குகளுக்கு 'டி' என எழுத்துகள் வழங்கப்படுவதால், எழுத்துத் தவறினால் பதிவறையில் வேறொரு கட்டே கைக்கு வரும்.

காணிப் பதிவகத்தில் தடயம் கிடைக்காவிடினும் தேடல் முடிந்துவிடவில்லை. ஒரே வளவில் பங்கு பெற்ற ஏனையோர், அதாவது பெரியப்பா சாச்சா மாமியின் பிள்ளைகள், தமது துண்டுகளைப் பின்னர் விற்றோ சீதனமாகக் கொடுத்தோ இருப்பர். அவ்வுறுதிகளில் உரித்து எவ்வாறு வந்தது என்று கூறும் பகுதியில் வழக்கிலக்கமும் தீர்வையின் திகதியும் எழுதப்பட்டிருப்பது நொத்தாரிசுமாரின் வழக்கமாகும். நீதிமன்ற ஆணையின் பேரில் நிலத்தை அளந்த அனுமதிபெற்ற நிலஅளவையாளரின் அலுவலகத்திலும் படத்தின் பிரதி இருக்கக்கூடும். அதன் தலைப்பில் வழக்கிலக்கம் காணப்படும். மறைந்த சட்டத்தரணியின் கோவைகளை அவரது கனிஷ்ட சட்டத்தரணியோ குடும்பத்தினரோ பேணி வைத்திருப்பதும் உண்டு.

எந்த நீதிமன்றின் பதிவறை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அம்பாறை மாவட்டமே 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. கரையோரத்தில் அக்கரைப்பற்று, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய இடங்களிலும் நீதிமன்றங்கள் இயங்குகின்றன. நீதிமன்ற நியாயாதிக்கத்தின் எல்லைகள் நிருவாக மாவட்ட எல்லைகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதாலும், புதிய நீதிமன்று அமைக்கப்படும்போது நிலுவை வழக்குகள் அங்கு மாற்றப்படலாம் என்பதாலும், கல்முனையில் தொடங்கிய வழக்கு வேறிடத்தில் முடிந்திருக்க இடமுண்டு. மேன்முறையீடு செய்யப்பட்டிருந்தால் மேல்நிலை நீதிமன்றிலும் வழக்கேட்டின் பிரதிகள் இருக்கும். மேல்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் சட்ட அறிக்கைகளில் அச்சேறுவது போல மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் வெளியிடப்படுவதில்லை. ஆகவே அவற்றை நூலகங்களில் தேடுவதால் பயனில்லை.

இலக்கம் கிடைத்தபின் செய்ய வேண்டியது, நீதிமன்றப் பதிவாளருக்கு முகவரியிட்ட எழுத்துமூல விண்ணப்பமாகும். அதில் வழக்கிலக்கம், கட்சிக்காரர்களின் பெயர்கள், தீர்வையின் திகதி தெரிந்தால் அத்திகதி, தேவையான ஆவணங்களின் பட்டியல், பிரதிகளின் எண்ணிக்கை, தேவைக்கான காரணம் என்பன குறிப்பிடப்பட வேண்டும். வழக்கில் நேரடியாகக் கட்சிக்காரராக இராத பிள்ளைகள் விண்ணப்பிப்பதால், தந்தையின் மரணச் சான்றிதழும் விண்ணப்பதாரரின் பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையின் பிரதியும் இணைக்கப்பட வேண்டும். உரிமைவழி இவ்வாறு காட்டப்பட்டால் வெளியாரின் கோரிக்கைக்கு எழக்கூடிய ஆட்சேபனை இங்கு எழாது. சட்டத்தரணி ஒருவர் மூலம் பிரேரணை, அதாவது நீதிபதியின் அனுமதி கோரும் சிறு எழுத்து விண்ணப்பம், தாக்கல் செய்வது பழைய வழக்கேடுகளில் விரைவான வழியாகும். பிள்ளைகளில் ஒருவர் மத்திய கிழக்கில் தொழில் புரிபவராயின், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தின் மூலம் ஊரிலுள்ள ஒருவருக்கு அதிகாரமளிக்கலாம். கிழக்கு மாகாணத்தில் தமிழே நிருவாக மொழியும் நீதிமன்ற மொழியும் ஆகும் என்பது அரசியலமைப்பின் 22, 24ஆம் உறுப்புரைகளிலிருந்து பெறப்படுவதால், விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுவது வாசகரின் உரிமையே. வழக்கறிஞர் கட்டணத்தைத் தாங்க முடியாத குடும்பம், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இனித் தகவலுக்கான உரிமை பற்றி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. நீதி நிருவாகத்திற்காக நிறுவப்பட்ட நீதிமன்றங்களையும் நியாய சபைகளையும் அது பகிரங்க அதிகாரசபை என்ற வரைவிலக்கணத்துள் அடக்குகிறது. ஆயினும் நீதிமன்ற அவமதிப்பாகக்கூடிய அல்லது நீதித்துறையின் அதிகாரத்தையும் பக்கச்சார்பின்மையையும் பாதிக்கக்கூடிய தகவலையும், பிறரின் தனிப்பட்ட தகவலையும் மறுப்பதற்கு 5ஆம் பிரிவு இடமளிக்கிறது. தீர்வையின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதிக்கு நீதிமன்ற நடைமுறை இருக்கையில் அதனை விட்டு இச்சட்டத்தின் கீழ் மட்டும் கேட்பது காலத்தை வீணாக்கக்கூடும். ஆனால் குறித்த வழக்கேடு பதிவறையில் உள்ளதா, வேறு நீதிமன்றுக்கு அனுப்பப்பட்டதா, அழிக்கப்பட்டதாயின் எப்போது எவரது கட்டளைப்படி அழிக்கப்பட்டது என்பன போன்ற நிருவாகக் கேள்விகளுக்கு இச்சட்டமே மிகப் பொருத்தமான கருவியாகும். காணிப் பதிவகம், பிரதேச செயலகம் ஆகியவற்றின் தாமதங்களுக்கும் இது பொருந்தும். கோரிக்கைக்குக் காரணம் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் தகவல் அலுவலர் அதனை எழுத்திலிட வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் 2 மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். கோரிக்கையைக் கையளித்ததற்கான பற்றுச்சீட்டைப் பெறாமல் திரும்பக்கூடாது. காலக்கெடு கையளித்த திகதியிலிருந்தே எண்ணப்படுகிறது.

வழக்கேடு காணப்படவில்லை என எழுத்தில் பதில் வருமாயின், அந்தப் பதிலே அடுத்த நடவடிக்கைக்கு அடித்தளமாகிறது. காணிப் பதிவகத்திலுள்ள தீர்வைப் பதிவு, பங்காளிகளிடமுள்ள பிரதிகள், நிலஅளவையாளரின் படம், மேன்முறையீட்டுப் பிரதிகள் ஆகியவற்றைச் சத்தியக்கடதாசியோடு முன்வைத்து, வழக்கேட்டை மீள அமைக்குமாறு அதே நீதிமன்றைக் கோரலாம். நீதியின் நோக்கத்தை நிறைவேற்ற நீதிமன்றுக்குள்ள உள்ளார்ந்த அதிகாரத்தைக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 839ஆம் பிரிவு பாதுகாக்கிறது.

மூத்த சகோதரியின் கட்டளை வேறு சட்டத்தின் கீழ் வருவது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி விவாகரத்து, தாபரிப்பு, மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மஹர், மற்றும் மணமகளின் உபயோகத்திற்கென அவளது உறவினர் மணமகனுக்குக் கொடுத்த பணம் அல்லது அசையும் பொருளாகிய கைக்கூலி ஆகியவற்றை, நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கும் காதி விசாரிக்கிறார். எனவே விண்ணப்பம் அவ்விசாரணை நடந்த பிரிவின் தற்போதைய காதிக்கு, கட்சிக்காரரான சகோதரியின் கையொப்பத்துடனேயே செல்ல வேண்டும். குடும்ப விடயம் என்பதால் சகோதரர் தம் பெயரில் கேட்பது உகந்ததன்று. காதி மாறியிருந்தால் முன்னவரின் ஏடுகள் பின்னவரிடம் ஒப்படைக்கப்பட்டனவா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். பதில் இல்லையேல் நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். மேன்முறையீடு நடந்திருப்பின் காதிகள் சபையிலும், தாபரிப்புத் தொகை அறவிடுவதற்காக நீதவான் நீதிமன்றுக்கு அனுப்பப்பட்டிருப்பின் அந்நீதிமன்றின் ஏட்டிலும் கட்டளையின் பிரதி இருக்கும். நிரந்தரமான அலுவலகக் கட்டடமோ பதிவறையோ இன்றிக் காதிமார் பலர் பணியாற்றும் நிலையில், இந்த ஏடுகளின் இழப்பு பெண்களின் மறுமணத்தையும் தாபரிப்பையும் பிள்ளைகளின் உரிமைகளையும் நேரடியாகத் தாக்குகிறது என்பதால், அவற்றை மாவட்ட நீதிமன்ற ஏடுகளுக்குச் சமமான கவனத்தோடு பேண அரசு ஏற்பாடு செய்வது காலங்கடந்த கடமையாகும்.

காலத்தைப் பற்றிய எச்சரிக்கையும் இங்குக் கூறப்பட வேண்டும். தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, அது நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த பதிவேடுகளை அத்திகதியிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகள் பேண வேண்டும் என்கிறது; 2017 பெப்ரவரியிலிருந்து கணக்கிடின் அந்த ஆகக்குறைந்த காலம் 2027 பெப்ரவரியுடன் முடிவடைகிறது. அதன்பின் எல்லா ஏடுகளும் அழிக்கப்படும் என்பது இதன் பொருளன்று. ஆனால் ஒரு கோரிக்கை அல்லது மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை அதற்குரிய பதிவேட்டை அழிக்கக்கூடாது என்று அதே பிரிவு மேலும் கூறுவதால், கேட்டு வைப்பவரின் ஏடு கேளாதவரின் ஏட்டைவிடப் பாதுகாப்பானது. ஆகவே காணிப் பதிவகத் தேடல், பதிவாளருக்கு விண்ணப்பம், தேவைப்படின் தகவல் கோரிக்கை என்ற வரிசையில் வாசகரின் குடும்பம் தாமதமின்றித் தொடங்குவதும், கிடைக்கும் சான்றுப்படுத்தப்பட்ட பிரதிகளை இரண்டிரண்டாகப் பெற்று, ஒன்றைக் கரையோரத்திற்கு அப்பாலுள்ள உறவினரிடமோ வங்கிப் பெட்டகத்திலோ வைப்பதும் தக்கதாகும்.