சாயத் தொழிற்பயிற்சியும் சங்கத்தின் கடமையும்

நெசவுத் தொழில் செய்யும் கூட்டுறவுச் சங்கங்களிற் பல, துணியை வெள்ளையாகவோ, கடைச் சாயமிட்ட நூலைக் கொண்டு நெய்ததாகவோ விற்று வருகின்றன. இயற்கைச் சாயமிட்ட துணிக்கும், கையாற் சித்திரம் தீட்டிய துணிக்கும் நகரத்தில் தனி மதிப்பு உண்டென்பதை அறிந்த சங்கத்தார், தங்கள் அங்கத்தினர் ஒருவரையோ இருவரையோ சென்னைக்கு அனுப்பி அவ்வேலையைக் கற்பிக்க விரும்புவது நல்ல எண்ணமே. ஆயினும், சில நாட்களே நடக்கும் பயிற்சி முகாமிற் கற்றதை நம்பி, ஊர் திரும்பியவுடன் ஒரு மாதத்துச் சரக்கு முழுவதையும் சாயப்பானையில் இடும் சங்கம், போட்ட முதலையும் வாடிக்கைக்காரரையும் சேர்ந்தாற்போல் இழக்க நேரும். ஊர்க் கிணற்று நீரில், ஊர்த் துணியில், அதே நிறம் இரண்டாம் முறையும் வந்த நாளிலேதான் பயிற்சி முடிந்ததாகக் கொள்ள வேண்டும். இதன் காரணத்தையும், சங்கத்தார் செய்யத்தக்க ஏற்பாடுகளையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. பயிற்சிக்குரிய இடங்கள்

சென்னையின் தென்பாகத்தில் இத்தொழில்களைக் கற்கவும் காணவும் தக்க இடங்கள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையாகச் சொல்லத்தக்கது கலாக்ஷேத்திரம். 1936ஆம் ஆண்டில் அடையாற்றில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களால் நிறுவப்பெற்ற இக்கலைக் கழகம், அடுத்த ஆண்டிலேயே நெசவுப் பகுதி ஒன்றையும் தொடங்கிற்று. நடனத்திற்கு வேண்டிய ஆடைகளையும், பழைய கரை, முந்தானை அமைப்புகளையுடைய புடவைகளையும் நெய்விக்கத் தறிகள் வைக்கப்பட்டன. இப்பொழுது திருவான்மியூரில் உள்ள இக்கழகத்தில், கைத்தொழிற் கல்வி ஆராய்ச்சி நிலையம் என்ற பிரிவில் நெசவும், இயற்கைச் சாயங்களைக் கொண்டு செய்யும் கலம்காரி வேலையும் நடைபெற்று வருகின்றன. கலம்காரி வேலைக்கு அங்கு இடமளிக்கத் தூண்டுதலாயிருந்தவர் ஸ்ரீமதி கமலாதேவி சட்டோபாத்யாயர் ஆவர்.

அதற்கு அண்மையில், பெசன்ட் நகர் இராஜாஜி பவனத்தில் நெசவாளர் சேவை மையம் உள்ளது. கைத்தறிக்காரருக்குச் சாயம், அச்சு, டிசைன், நெசவு ஆகியவற்றில் உதவி புரிவதற்காக மத்திய அரசாங்கம் நடத்தும் மையங்களுள் இது 1956 முதற்கொண்டே உள்ள ஒன்றாகும். தறிக்காரர்களான அங்கத்தினர்கள் முதலில் அணுக வேண்டிய இடம் இதுவே. மேலும் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தக்ஷிணசித்திரத்தில், பொதுஜனங்களுக்கான கைவினைப் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன.

இவற்றைத் தவிர, தனிப்பட்ட கைவினைஞர்களும் சிறு குழுவினரும் ஒரு நாள், இரு நாள் முகாம்களையும், தங்கிப் பயிலும் முகாம்களையும் நடத்துகின்றனர். இவற்றிற் பெரும்பாலானவை பொழுதுபோக்காகவும் ஆர்வத்தினாலும் வருவோருக்கென அமைந்தவை. அவர் ஒரு கைக்குட்டையைத் தம் கையாற் சாயமிட்டுக் கொண்டு சென்றால் திருப்தியடைவர். நம் அங்கத்தினரோ, நூறு துண்டுகளை ஒரே நிறமாகச் சாயமிட்டு விற்று ஜீவிக்க வேண்டியவர். ஆகையால், கட்டணம் செலுத்துமுன், அம்முகாம் யாருக்காக நடத்தப்படுகிறதென்பதை விசாரித்து அறிதல் அவசியம்.

2. பயிற்சியிற் கற்பது யாது?

பருத்தித் துணியில் இயற்கைச் சாயம் தானாகவே உறுதியாய்ப் பற்றுவதில்லை. பற்றவைக்கும் பொருள் ஒன்று நடுவே வேண்டும். கலம்காரி வேலையின் முறைமை முழுவதும் இவ்வுண்மையைத் தழுவியதே.

முதலில், துணியிலுள்ள கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் நீங்கும்படி நன்றாக வெளுக்க வேண்டும். பின்னர், கடுக்காய்ப் பொடி கரைத்த நீரிற் பால் சேர்த்து, அதில் துணியைத் தோய்த்துப் பிழிந்து வெயிலில் உலர்த்த வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு, எழுதும் மை துணியிற் பரவாமற் காக்கும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரிலிட்டுப் பல நாள் புளிக்கவைத்த காடியை மூங்கிற் குச்சி எழுதுகோலினால் தீட்டினால், இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்து கறுப்புக் கோடு உண்டாகும். சிவப்பு வரவேண்டிய இடங்களிற் படிகார நீரைத் தீட்டி உலரவிட்டு, அலசி, பின் மஞ்சிட்டி அல்லது சாயவேர் இட்ட நீரிற் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடங்களில் மட்டும் சிவப்பு உறுதியாய் நிற்கும். மற்ற இடங்களில் ஏறிய மங்கல், அலசுவதாலும் வெயிலிற் காயவைப்பதாலும் நீங்கும். அவுரியின் நீலம் வேறு வகையைச் சேர்ந்தது. அது புளித்த தொட்டியில் கரைந்து, துணி காற்றுப் பட்ட பின்னரே நீலமாகும்.

சாயவேர் நம் சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் விளைந்த பழைய பயிர். 1868ஆம் ஆண்டில் ஜெர்மன் ரசாயன சாஸ்திரிகள் இச்சிவப்பிற்குரிய சத்தைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டபின், உலகெங்கும் வேர்ச் சிவப்பின் வியாபாரம் வீழ்ந்தது.

3. நீரின் விசேஷம்

மேற்கூறிய முறையைப் பிசகின்றிக் கற்றவரும் ஊரில் வேறு நிறம் கண்டு திகைப்பதுண்டு. முக்கிய காரணம் நீரே. நீரில் இரும்புச் சத்து இருக்குமானால், அது கடுக்காயிட்ட துணி முழுவதையும் சாம்பல் நிறமாக்கும்; சிவப்பை மங்கவைத்துப் பழுப்பாக்கும். மாறாக, சிறிது சுண்ணச்சத்துள்ள நீர் மஞ்சிட்டிச் சிவப்பிற்கு உதவி செய்யும். உப்பு நீர், ஆழ்குழாய்க் கிணற்று நீர், ஏரி நீர், மழை நீர் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு பலனைத் தரும்.

இதை நம் முன்னோர் அறிந்தேயிருந்தனர். 1734இல் சென்னைக் கவர்னராயிருந்த மார்ட்டன் பிட் என்பவர், நூற்போர், நெய்வோர், துணியிற் சித்திரம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியவர்களைக் குடியேற்றச் சிந்தாதிரிப்பேட்டையை ஏற்படுத்தியபோது, அது கூவம் ஆற்றின் வளைவில் அமைந்தது. துணித் தொழிலுக்கு ஓடும் நீர் அத்தனை இன்றியமையாதது. இன்று கூவத்தின் நிலை யாவரும் அறிந்ததே. அந்நீரில் ஒருவரும் துணி அலச முடியாது. ஆகவே தொழில் தொடங்குமுன் நீரைச் சோதித்தல் முதற் கடமையாகும்.

சோதனை எளிது. சுத்தமான கண்ணாடிக் கிண்ணங்களில் ஊரின் வெவ்வேறு நீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடியைக் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். மழை நீரிலிட்டது மஞ்சள் கலந்த பழுப்பாக நிற்கும். எதில் கறுப்பு அல்லது கருநீலச் சாயல் தோன்றுகிறதோ, அதில் இரும்பு உண்டென்று கொள்க. சிவப்பு, மஞ்சள் வேலைக்கு அந்நீர் உதவாது. துருப்பிடித்த வாளியும் இதே கேட்டை விளைவிக்கும். எவர்சில்வர்ப் பாத்திரமோ மட்பாண்டமோ உபயோகிக்க வேண்டும்.

4. யாரை அனுப்புவது?

சங்கங்களில், ஓய்வாயிருப்பவரையோ நிர்வாகிக்கு வேண்டியவரையோ அனுப்பும் வழக்கம் உண்டு. அது பணத்தை வீணாக்கும் வழி. போய் வந்த பின் குறைந்தது ஓராண்டு ஊரிலிருந்து அவ்வேலையைச் செய்யக்கூடியவராகவும், மற்றவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையுள்ளவராகவும் இருப்பவரையே அனுப்ப வேண்டும். நெசவுக் குடும்பங்களில் நூல் சுற்றுதல், பாவு தயாரித்தல் முதலிய வேலைகளைச் செய்யும் பெண்கள் பலர் பெயர் சங்கப் புத்தகத்தில் இல்லாமலே இருந்துவிடுகிறது. சாய வேலைக்கு அளவும் கவனமும் பழகிய அவர்களை அங்கத்தினராகச் சேர்த்து, இருவராக அனுப்புவது மிக்க அனுகூலம். இருவர் சென்றால், ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டுவர். அந்நாட்களின் கூலி நஷ்டத்தைச் சங்கம் ஈடுசெய்ய வேண்டும்; இன்றேல் ஏழை அங்கத்தினர் போக முன்வரார்.

போகும்போது சங்கத்தின் சொந்தத் துணியில் சில முழமும், ஊர் நீர் இரண்டு புட்டியும் உடன் கொண்டு செல்க. முகாமில் இவற்றிலும் ஒரு சோதனை செய்ய ஆசிரியரை வேண்டிக்கொண்டால், ஊரில் நேரக்கூடிய தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

5. சாயக் குறிப்பேடு

1742ஆம் ஆண்டில் கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சோழமண்டலக் கரையிற் சித்திரத் துணி செய்வோரிடம் கேட்டறிந்த முறைகளை வரிசையாகக் கடிதத்தில் எழுதித் தம் தேசத்திற்கு அனுப்பினார். ஐரோப்பியர் அக்காலத்தில் இத்துணிகளைத் தாமே செய்யப் பெருமுயற்சி செய்து வந்தனர். அந்நூற்றாண்டின் முடிவிற்குள் அச்சுத் துணி அங்கே பெருந்தொழிலாயிற்று. நம்மவர் கையில் இருந்த வித்தையை வேறொருவர் எழுதி வைத்துப் பயன்கொண்டார். இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம், நம் வித்தையை நாமே எழுதிவைக்க வேண்டுமென்பதே.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. தேதி, நீர் எடுத்த இடம், துணியின் எடை, கடுக்காய், படிகாரம், சாயப்பொருள் இவற்றின் எடை, கொதித்த நேரம், வெயில் அல்லது மேகம் ஆகியவற்றை எழுதி, சாயமிட்ட துணியில் ஒரு சிறு துண்டைப் பக்கத்தில் ஒட்டுக. பொருள்களைக் கைப்பிடி அளவாற் குறிக்காமல், துணியின் எடைக்கு இவ்வளவென்று குறிக்க வேண்டும். உதாரணமாக, 1 கிலோ துணிக்கு 200 கிராம் கடுக்காயும் 150 கிராம் படிகாரமும் என்று வகுப்பிற் சொல்லப்பட்டால், 50 கிராம் எடையுள்ள சோதனைத் துண்டிற்கு 10 கிராம் கடுக்காயும் 7.5 கிராம் படிகாரமும் ஆகும். சிறு தராசு ஒன்று சங்கத்தில் இருத்தல் அவசியம்.

6. திரும்பிய பின் செய்ய வேண்டுவன

முதல் மாதம் விற்பனைக்கென எதையும் சாயமிடலாகாது. சிறு துண்டுகளில் ஒரே முறையை மும்முறை செய்து, மூன்றும் ஒத்த நிறமாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்னர் மூன்று பரீட்சைகள் செய்க.

முதலாவது, வெயிற் பரீட்சை. துண்டில் பாதியைத் தடித்த அட்டையால் மூடி, பத்து நாள் வெயிலில் வைத்துத் திறந்து பார்க்க, மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் பேதம் தெரியும். மஞ்சட்கிழங்கின் நிறம் அன்று கண்ணைப் பறிப்பினும் இப்பரீட்சையில் தோற்றுவிடும். இரண்டாவது, சலவைப் பரீட்சை. வெள்ளைத் துணியுடன் சேர்த்துத் தைத்துச் சோப்பு நீரில் துவைத்தால், வெள்ளையில் நிறம் ஏறுகிறதா என்பது விளங்கும். மூன்றாவது, உரசற் பரீட்சை. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் தேறிய நிறத்தையே விற்பனைக்குக் கொள்க. சாயநீரைக் குடிநீர்க் குளத்திலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. தனிக் குழி வெட்டி விடுக.

7. விலையும் கூலியும்

இருவர் மூன்று நாள் வேலை செய்து 10 துண்டுகளை முடித்தால், ஆறு நாட்கூலி 10 துண்டுகளின்மேல் விழும். அவற்றில் 2 கெட்டுப்போனால், அக்கூலி 8 துண்டுகளின்மேல் விழுந்து, ஒரு துண்டிற்கு முக்கால் நாட்கூலி ஆகும். இதைக் கணக்கிடாமல், துணி, சாயப்பொருள் இவற்றின் விலையை மட்டும் வைத்து விற்கும் சங்கம், அங்கத்தினரின் உழைப்பை இனாமாகக் கொடுத்ததாகும். தியாகராய நகர்க் கடைகளில் இதைப்போன்ற துணி என்ன விலைக்குப் போகிறதென்று, சென்னை சென்ற அங்கத்தினரே நேரிற் பார்த்து எழுதி வருதல் நலம்.

நன்கு தேர்ந்த அங்கத்தினரை, நகரத்து முகாம்களில் ஆசிரியராக வருமாறு அழைப்பதும் உண்டு. போகலாம், ஆனால் பிரயாணச் செலவும், உணவும், ஆசிரியருக்குரிய ஊதியமும் முன்னதாகவே எழுத்து மூலமாகத் தீர்மானிக்கப்பட வேண்டும். தொழில் தெரிந்தவரைக் காட்சிப்பொருளாக உட்காரவைத்து, நாட்கூலிக்கும் குறைவாகக் கொடுத்தனுப்ப எந்தச் சங்கமும் இடங்கொடுக்கலாகாது.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

(1) நம் ஊரில் எத்தனை வகை நீர் உண்டு? எது சாய வேலைக்கு ஏற்றது?

(2) பயிற்சிக்கு அனுப்பத்தக்க இருவர் யாவர்? அந்நாட்களில் அவர்தம் குடும்பச் செலவிற்கு என்ன ஏற்பாடு?

(3) சோதனைக்கென எவ்வளவு துணியைச் சங்கம் ஒதுக்கும்? அது கெட்டால் நஷ்டம் யாரைச் சேரும்?

(4) சாயக் குறிப்பேடு யாருடைய பொறுப்பில் இருக்கும்? பிற அங்கத்தினர் அதை எப்பொழுது பார்க்கலாம்?

இவற்றுள் மூன்றாம் வினாவிற்குச் சங்கத்தின் பொது நிதியே பொறுப்பென்று தீர்மானித்துக் கொள்வது சிலாக்கியம். சோதனையில் நேரும் நஷ்டத்தைத் தனி மனிதர் தலையிற் சுமத்தினால், அவர் சோதனையே செய்யாமல் விட்டுவிடுவார். பத்துப் பேர் சேர்ந்து தாங்கினால் அந்நஷ்டம் சிறிதாகும். அதனாற் கிடைக்கும் அறிவோ பத்துப் பேருக்கும் சொந்தமாகும்.