நிலவு விலகிய கணக்கு: ‘ஸ்பேஸ்: 1999’ தொடரின் கெட்ட பெயர் குறித்து ஒரு மடல்

அன்புள்ள தம்பிக்கு,

‘ஸ்பேஸ்: 1999’ என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோர் முதல் வரியில் அதன் அறிவியல் பிழையைச் சுட்டி, இரண்டாம் வரியில் சிரித்து, மூன்றாம் வரியில் வேறு தொடருக்குப் போய்விடுகின்றனர். நிலவின் இயக்கம்கூடத் தெரியாதவர்கள் எடுத்த தொடரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று தம்பி எழுப்பிய வினாவும் அத்தகைய குறிப்புகளின் விளைவே. அதற்கு ஒரு வரியில் விடை தர இயலாமையே இம்மடலுக்குக் காரணம். தொடரில் குறையே இல்லை என்று வாதிடுவது இங்கு நோக்கமன்று. குறை இருக்குமிடத்தை விட்டுவிட்டு எல்லாரும் ஒரே இடத்தில் விரல் வைக்கிறார்கள் என்பதும், அந்த ஓரிடத்தைக்கூடக் கணக்கிட்டுப் பார்க்கும் பொறுமை பலருக்கு இருந்ததில்லை என்பதுமே சொல்ல வரும் செய்தி.

கதையின் அடிப்படை தம்பி அறிந்ததே. 1999 செப்டம்பர் 13 அன்று, நிலவின் மறுபுறத்தில், அதாவது புவியிலிருந்து என்றும் காண இயலாத பக்கத்தில், குவித்து வைக்கப்பட்ட அணுக்கழிவு வெடித்து, அந்த அதிர்வில் நிலவு தன் பாதையை விட்டு விலகி, ‘மூன்பேஸ் ஆல்ஃபா’ என்னும் தளத்திலுள்ள 311 பேரையும் சுமந்துகொண்டு அண்டவெளியில் அலையத் தொடங்குகிறது. 1975 செப்டம்பர் 4 அன்று ஒளிபரப்பு தொடங்கிய அதே மாதத்தில், ஐசக் அசிமோவ் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் இந்த அடிப்படையைக் கண்டித்து எழுதினார். நிலவைத் தள்ளும் அளவு வலிமையுள்ள வெடிப்பு அதை உடைத்துவிடும் என்பதும், விண்மீன்களுக்கு இடைப்பட்ட தொலைவை அது வாரந்தோறும் கடக்க இயலாது என்பதும் அவருடைய வாதங்கள். இரண்டும் சரியானவையே. ஆயினும் அவற்றைப் பின்னால் வந்தவர்கள் கிளிப்பிள்ளை போல் ஒப்பித்தார்களேயன்றி, எண்களை எடுத்துப் பார்த்தவர் குறைவு.

எடுத்துப் பார்த்தால் கிடைப்பது கேலியைவிடச் சுவையானது. நிலவு புவியைச் சுற்றும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர். புவியின் ஈர்ப்பிலிருந்து முற்றிலும் விடுபட அத்தொலைவில் தேவைப்படும் வேகம், அதாவது விடுபடு வேகம், ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர். வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், நிலவின் நிறையைக் கருதும்போது அதற்கு வேண்டிய ஆற்றல், 1961-இல் சோவியத் ஒன்றியம் வெடித்துக் காட்டிய 50 மெகாடன் குண்டைப் போன்ற ஏறத்தாழ 18,000 கோடி குண்டுகளின் ஆற்றலுக்குச் சமம். நிலவை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்புப் பிணைப்பு ஆற்றல், அதாவது அதன் துகள்களை ஒன்றினின்று ஒன்று முற்றிலும் பிரித்தெறியத் தேவையான ஆற்றல், இதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஆகவே நிலவை விடுவிப்பதற்கும் தூளாக்குவதற்கும் இடையில் பெரிய இடைவெளி இல்லை. அசிமோவ் சொன்னதன் உட்பொருள் இதுவே.

இதைவிட நுட்பமான வேறொரு பிழையை மேற்கண்ட சிரிப்புக்காரர்கள் கவனிப்பதில்லை. வெடிப்பு மறுபுறத்தின் நடுவில் நேர்ந்தது என்று கொண்டால், அது நிலவைத் தள்ளும் திசை புவிக்கு அப்பால் அன்று, புவியை நோக்கியே. நொடிக்கு 1 கிலோமீட்டர் என்ற வேகத்தில் அவ்வாறு உள்நோக்கித் தள்ளப்பட்ட நிலவு புவியின் மேல் விழாது. தன் பழைய பக்கவாட்டு வேகத்தையும் அது சுமந்து செல்வதால், இப்போதுள்ள தொலைவில் சரிபாதிக்கு, ஏறத்தாழ 1,92,000 கிலோமீட்டருக்கு, நெருங்கி வந்து, வளைந்து, அதன் பிறகே வெளியேறும். ஓத விசை, அதாவது கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் ஈர்ப்பு வேறுபாடு, தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அந்நெருக்கத்தில் அது எட்டு மடங்காகப் பெருகும். முதல் பகுதியான ‘பிரேக்அவே’யில் புவியில் நிலநடுக்கங்கள் நேர்ந்ததாக ஒரு செய்தி அறிக்கை வருகிறது, அதை எழுதியவர் இக்கணக்கைப் போட்டிருக்க வாய்ப்பில்லை என்றாலும், போட்டிருந்தால் அந்த அறிக்கை இன்னும் நீண்டிருக்கும். கதிரவனின் பிடியும் எஞ்சியிருக்கிறது: அதிலிருந்து விடுபட நொடிக்கு மேலும் 12 கிலோமீட்டர் வேண்டும், அதே 12 கிலோமீட்டர் வேகத்திலேயே பயணம் தொடர்ந்தாலும், 4.24 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரி என்னும் மிக அண்மை விண்மீனை அடைய ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு என்பதையும், அது காலத்தின் அளவு அன்று என்பதையும் கல்லூரி மாணவர்க்கும் நினைவூட்ட வேண்டியிருப்பது வருந்தத்தக்கது.)

ஆனால் இதனால் தொடர் வீழ்ந்துவிடுமா? அப்படியானால் உடன் வீழ்வோரின் பட்டியல் நீளமானது. அசிமோவின் ‘பவுண்டேஷன்’ கதைகளிலேயே விண்கலங்கள் ஒளியை விஞ்சிப் பாய்கின்றன. ‘ஸ்டார் ட்ரெக்’ மாந்தர் ஓரிடத்தில் கரைந்து வேறோரிடத்தில் உருப்பெறுகின்றனர். அங்கெல்லாம் ஒரு கருவிக்குப் பெயர் சூட்டப்பட்டதும் வாசகர் வாய் மூடிக்கொள்கிறார். இவ்வழக்கு பழையது என்பதற்கு ஜூல் வெர்னே சான்று. எச்.ஜி. வெல்ஸ் 1901-இல் வெளியிட்ட நிலவுப் பயண நாவலில் ஈர்ப்பைத் தடுக்கும் ஒரு பொருளைக் கற்பனை செய்ததை வெர்னே குறைகூறினார். தாம் இயற்பியலைக் கையாள்வதாகவும் வெல்ஸ் இல்லாததைப் புனைவதாகவும் அவர் கருதினார். அந்த வெர்னே 1865-இல் வெளியிட்ட நாவலில் பயணிகள் 900 அடி நீளப் பீரங்கியிலிருந்து சுடப்படுகின்றனர். அவ்வளவு குறுகிய நீளத்தில் புவியைவிட்டு வெளியேறும் வேகத்தைப் பெறுவதற்கு அவர்கள் தாங்க வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 20,000 மடங்குக்கும் மேல். பயணிகள் நிலவை நோக்கிப் புறப்படும் முன்பே கலத்தின் தரையில் படலமாகப் படிந்திருப்பார்கள். மேலும், 1877-இல் வெளிவந்த ‘ஹெக்டர் செர்வடாக்’ நாவலில் ஒரு வால்மீன் புவியை உரசி, அதன் ஒரு துண்டை மக்களோடு பெயர்த்துக்கொண்டு கதிரவக் குடும்பத்தைச் சுற்றி வருகிறது. நிலத்தோடு பெயர்ந்து மாந்தர் அலையும் கதையைப் பிரித்தானியத் தொலைக்காட்சிக்குச் சற்றேறக்குறைய நூறாண்டு முன்னரே எழுதியவர், இயற்பியலின் காவலர் என்று தம்மைக் கருதிய அவரே. வெர்னேயை ஆழ்ந்து படித்தவர் ‘ஸ்பேஸ்: 1999’ஐப் பார்த்து அவ்வளவு எளிதில் சிரிக்கமாட்டார்.

நிலவு ஏன் விலக வேண்டியிருந்தது என்பதற்கு விடை ஆய்வுக்கூடத்தில் இல்லை, விற்பனை அலுவலகத்தில் இருக்கிறது. பொம்மைகளைக் கொண்டு ‘தண்டர்பேர்ட்ஸ்’ எடுத்துப் புகழ்பெற்ற ஜெரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும், தங்கள் ‘யு.எஃப்.ஓ.’ தொடரின் அடுத்த கட்டமாக நிலவுத் தளக் கதை ஒன்றைத் திட்டமிட்டிருந்தனர். ஐ.டி.சி. நிறுவனத்தின் நியூயார்க் கிளைத் தலைவர் ஏப் மாண்டெல், புவியில் நடக்கும் காட்சிகளே கூடாது என்று நிபந்தனை விதித்தபோது, புவியையே வெடிக்கச் செய்துவிடலாம் என்று ஆண்டர்சன் சொன்னதாகவும், அது பார்வையாளரை விரட்டிவிடும் என்று மறுக்கப்பட்டதால் நிலவை அப்புறப்படுத்தும் முடிவுக்கு வந்ததாகவும் அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். அணுக்கழிவைக் காரணமாகத் தேர்ந்ததில் மட்டும் காலத்தின் நாடித்துடிப்பு கேட்கிறது: உயர்கதிரியக்கக் கழிவைக் கடலில் கொட்டுவதைத் தடைசெய்த லண்டன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது, தொடரின் முதல் ஒளிபரப்புக்கு ஐந்து நாள் முன், 1975 ஆகஸ்ட் 30 அன்று.

இந்த வணிக நெருக்கடியிலிருந்து, அதை விதித்தவரும் எதிர்பாராத ஒன்று பிறந்தது. விண்வெளிக் கதைகளின் தலைவன் வழக்கமாகத் தன் கலத்தைத் தான் விரும்பும் திசையில் செலுத்துபவன். ஆல்ஃபாவின் தளபதி ஜான் கோனிக்கிற்கோ செலுத்துவதற்கு எதுவும் இல்லை. நிலவு செல்லுமிடத்துக்கு அவர் செல்கிறார். ஒரு கோளைக் கடக்கும்போது அதில் இறங்கலாமா என்று முடிவெடுக்கக் கிடைப்பது சில நாள் மட்டுமே. முதற்பருவத்தின் 24 பகுதிகளில் சிறந்தவை அனைத்தும் இந்தக் கையறு நிலையிலிருந்தே விளைந்தவை.

இதற்கு ‘கொலிஷன் கோர்ஸ்’ என்னும் பகுதியைக் காட்டிலும் தெளிவான சான்று கிடையாது. அந்தோனி டெர்பிலாஃப் எழுதிய இப்பகுதியில், நிலவு ஒரு பெருங்கோளின்மேல் மோதப் போகிறது; வெடிகளை வைத்து அதிர்வலையால் விலக்குவது ஆல்ஃபாவினரின் திட்டம். அக்கோளின் முதிய அரசியான ஆரா, மார்கரெட் லெய்டன் நடித்த பாத்திரம், கோனிக்கைச் சந்தித்து, மோதலைத் தடுக்கவேண்டாம், தன் மக்கள் பல்லாண்டுகளாக அதற்காகவே காத்திருக்கிறார்கள், ஒன்றும் செய்யாதிருப்பதே செய்யவேண்டியது என்கிறாள். கோனிக் அதை நம்பித் திரும்பும்போது அவருடைய சகாக்கள் கதிர்வீச்சால் அவர் அறிவு கலங்கிவிட்டது என்று முடிவுசெய்கின்றனர். அறிவியல் முறைப்படி பார்த்தால் அவர்கள் நினைப்பதே நியாயம். இறுதியில் கோள் நிலவைத் தொட்ட கணத்தில் மறைந்துவிடுகிறது. ஏன், எப்படி என்பதற்குத் தொடர் விளக்கம் தருவதில்லை. பொத்தானை அழுத்தி உலகைக் காப்பாற்றும் கதைகளுக்கிடையே, பொத்தானை அழுத்தாதிருக்கும் துணிவைக் கருப்பொருளாக்கிய இப்பகுதியை, விளக்கமில்லை என்ற காரணத்தால் விமரிசகர் பலர் குழப்பம் என்று தள்ளினர். விளக்கமின்மையே அதன் பொருள் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை.

‘பிளாக் சன்’ பகுதியும் அவ்வாறே. நிலவு ஒரு கருந்துளையில், அதாவது ஒளியும் தப்ப இயலாத ஈர்ப்புடைய ஒடுங்கிய விண்பொருளில், புகுந்து வெளியேறுவது அதன் கதை. சாவை எதிர்நோக்கும் கோனிக்கும் பேராசிரியர் பெர்க்மனும் அமர்ந்து, தங்களை இதுவரை காத்தது எது என்று அமைதியாகப் பேசிக்கொள்வதே அதன் உச்சம். இது படமாக்கப்பட்ட 1974-இல் தான், சிக்னஸ் எக்ஸ்-1 என்பது கருந்துளை அன்று என்று ஸ்டீவன் ஹாக்கிங் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டினார். இயற்பியலாளருக்கே உறுதியில்லாத காலத்தில், தொலைக்காட்சி அதைப் புதிராகவே காட்டியதைக் குற்றமாகக் கொள்ளலாகாது. தயாரிப்பில் மூன்றாவதான இப்பகுதி, நிலவு எவ்வாறு நெடுந்தொலைவைக் கடந்தது என்பதற்கும் ஒருவகை விடை. ஒளிபரப்பில் பல வாரம் பின்தள்ளப்பட்டதால் அந்த விடை உரிய காலத்தில் பார்வையாளரைச் சேரவில்லை.

காட்சியமைப்பின் தரத்தை எதிரிகளும் மறுப்பதில்லை. பிரையன் ஜான்சன் வடிவமைத்த ‘ஈகிள்’ கலங்கள், காற்றில்லாத இடத்தில் இயங்குபவை என்பதால் வழவழப்பான மேலுறையின்றிச் சட்டகம் தெரியும்படி அமைந்தன. படச்சுருளைப் பின்சுற்றி அதே சுருளின்மேல் மீண்டும் மீண்டும் பதிவுசெய்யும் முறையில் அவை பிரே படப்பிடிப்பு நிலையத்தில் படமாக்கப்பட்டன. அவர் பின்னர் ‘ஏலியன்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர்களுள் ஒருவர்.

உண்மையான குறைகள் வேறிடத்தில் உள்ளன. முதன்மை நடிகர்களான மார்ட்டின் லாண்டாவும் பார்பரா பெய்னும் பெரும்பாலான பகுதிகளில் இறுகிய முகத்துடனேயே உலவுகின்றனர். அவர்களைச் சுற்றியுள்ளோருக்கு ஊர், உறவு, நகைச்சுவை எதுவும் எழுதப்படவில்லை. ஆண்டர்சன் இன்னும் பொம்மைகளைத்தான் இயக்குகிறார் என்ற ஏளனத்தில் உண்மை கலந்திருக்கிறது. இரண்டாம் பருவமோ மன்னிக்கத் தக்கதன்று. ‘ஸ்டார் ட்ரெக்’கின் மூன்றாம் பருவத்தைத் தயாரித்த ஃபிரெட் ஃபிரைபெர்கர் பொறுப்பேற்றதும், பேராசிரியர் பெர்க்மன் ஒரு சொல் விளக்கமுமின்றி மறைந்தார், பரந்த கட்டுப்பாட்டுக் கூடம் சிறிய அறையாகச் சுருங்கியது, வாரம் ஒரு பூதம் வந்தது, ‘ஆல் தட் கிளிஸ்டர்ஸ்’ பகுதியில் பாறையே பகைவனாயிற்று. உருமாறும் ஆற்றலுள்ள மாயா என்னும் பாத்திரத்தில் கேத்தரின் ஷெல் காட்டிய உயிர்த்துடிப்பு ஒன்றே அப்பருவத்தின் ஆறுதல். முதற்பருவம் அறியாமையை மதித்தது. இரண்டாம் பருவம் அதைக் கண்டு அஞ்சி ஓடியது. 1977-இல் 48 பகுதிகளுடன் தொடர் நின்றபோது மக்கள் நினைவில் எஞ்சியது பின்னதே. கெட்ட பெயரில் பெரும்பங்கு அதற்கே உரியது, முழுத் தொடருக்கும் அன்று.

ஆகவே, தம்பி, பிறர் எழுதிய குறிப்புகளை மூடிவைத்துவிட்டு, ‘பிரேக்அவே’, ‘பிளாக் சன்’, ‘கொலிஷன் கோர்ஸ்’ ஆகிய மூன்றையும் இவ்வரிசையிலேயே பார்த்து, நிலவின் பாதைக் கணக்கையும் ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தபின் மறுமடல் எழுதுக. இரண்டாம் பருவத்தை அதுவரை தொடவேண்டாம்.